லாரி எஞ்சினைப் படகுக்கு மாற்றித் தரும் சுங்கை காடுட் பட்டறை: ஒரு மதிப்பீடு

சாலையில் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட எஞ்சினைப் படகில் ஏற்றலாமா என்று சிங்கப்பூர்ப் படகுக்காரர்களைக் கேட்டால் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். மலிவாக முடியும், தாராளமாக ஏற்றலாம் என்பார்கள் சிலர். அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பார்கள் வேறு சிலர். இந்த மாற்று வேலையையே தொழிலாகக் கொண்டுள்ள ஒரு சிறு பட்டறையிடம் எங்கள் படகை ஒப்படைத்து, ஓராண்டுக்கு மேலாக அந்த எஞ்சினோடு கடலுக்குப் போய்வந்த பிறகு, கேள்வியே வேறாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த எஞ்சின், எவ்வளவு சுமைக்கு, எந்தப் பாகங்களை மாற்றிய பின் என்பவைதாம் கேட்க வேண்டியவை. அந்தப் பட்டறை சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லாமல், ஒருவர் சொல்லி மற்றொருவர் வருவதாலேயே நடக்கும் இடம். உரிமையாளர் கேட்டுக்கொண்டபடி பெயரைத் தவிர்த்துவிட்டு வேலையை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

எங்களுடையது நண்பர்கள் சேர்ந்து வைத்திருக்கும், ஏறக்குறைய 9 மீட்டர் நீளமுள்ள பழைய ஃபைபர்கிளாஸ் படகு. பொங்கோல் பக்கம் கட்டிவைத்திருக்கிறோம். ஜோகூர் நீரிணையிலும் புலாவ் உபினைச் சுற்றியும் மீன்பிடிக்கப் போவோம். வேகத்துக்கான படகன்று, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நிதானமாகப் போகும் வகை. முன்பு அதில் பெர்கின்ஸ் 4.108 எஞ்சின் இருந்தது. 1.76 லிட்டர் கொள்ளளவும் ஏறக்குறைய 50 குதிரைத்திறனும் கொண்ட அந்த எஞ்சினும் வேன்களில் ஓடிய குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாலை எஞ்சினைப் படகில் ஏற்றுவது பணமில்லாதவர்கள் செய்யும் ஒட்டுவேலை என்ற எண்ணம் இங்கே பலருக்கு உண்டு. வால்வோ பென்டா நிறுவனம் 1959இல் வெளியிட்ட அக்வாமேட்டிக், வால்வோ காரின் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டது; மெர்குரூசர் எஞ்சின்கள் பல ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வி8 எஞ்சின்களிலிருந்து வந்தவை; யான்மாரின் பிஒய் வரிசை பிஎம்டபிள்யூ டீசல்களிலிருந்து பிறந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் விசைப்படகுகள் அசோக் லேலண்ட் எஞ்சின்களால் ஓடுவதை அங்கிருந்து வந்த எவரும் அறிவார்கள். பெரிய நிறுவனங்கள் தொழிற்சாலையில் செய்யும் அதே மாற்றத்தை ஒரு சிறு பட்டறை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே பட்டறையின் மீது மதிப்பு வரக் காரணம், அவர்கள் ஒரு யோசனையை மறுத்த விதம். சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழின் பத்தாண்டு முடிந்ததும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார்கள்கூடப் பதிவு நீக்கப்படுகின்றன. அவற்றின் எஞ்சினை மலிவாக வாங்கி ஏற்றலாமே என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். இங்கே டீசல் வாகனங்களுக்கு 2006 அக்டோபரிலிருந்து யூரோ 4, 2014இலிருந்து யூரோ 5, 2018இலிருந்து யூரோ 6 என்று வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடப்புக்கு வந்ததால், இப்போது பதிவு நீங்கி வரும் டீசல் எஞ்சின்கள் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குபவை. சாவியை அடையாளம் காணும் பூட்டு, கியர்பாக்ஸிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் வரும் தகவல், வெளியேறும் புகையை அளக்கும் உணரிகள் ஆகியவை இல்லாவிட்டால் அவற்றின் கணினி எஞ்சினை ஓடவிடாது, அல்லது திறனைக் குறைத்துவிடும். உப்புக் காற்றில் அந்த இணைப்பான்களில் ஒன்று பச்சை பிடித்தாலும் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான். ஆகவே அவர்கள் பரிந்துரைத்தது, மறுசீரமைக்கப்பட்ட இஸுஸு 4ஜேபி1. நான்கு சிலிண்டர், 93 மில்லிமீட்டர் விட்டம், 102 மில்லிமீட்டர் வீச்சு, 2,771 கன சென்டிமீட்டர் கொள்ளளவு; எல்ஃப் சிறு லாரிகளில் ஓடிய எஞ்சின். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, எரிபொருள் பம்பு முழுக்க இயந்திர முறையில் இயங்குவது. எரிபொருளும் காற்றும் சரியாகக் கிடைத்தால் மின்சாரம் இல்லாமலும் ஓடிக்கொண்டிருக்கும், அதை நிறுத்துவதற்குத்தான் மின்சாரம் வேண்டும் என்பார்கள். எரிபொருளை மின்காந்தத்தால் அடைத்து எஞ்சினை நிறுத்தும் சாலினாய்டு எந்த வகை என்பதைப் பொறுத்தது அது. எங்கள் எஞ்சினில் கையால் இழுத்து நிறுத்தும் கம்பியைப் பொருத்தித் தந்தார்கள்.

அடுத்து சுமை. இந்தத் தொழிலில் மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது இதுதான் என்பது என் கருத்து. விரைவுச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் தன் முழுத் திறனில் சிறு பங்கையே செலவிடுகிறது. ஏற்றத்தில் சற்று உழைத்தாலும் இறக்கத்தில் ஓய்வு கிடைக்கிறது. பட்டறையின் தலைமை மெக்கானிக் இராமநாதபுரத்துக்காரர், லேலண்ட் எஞ்சின்களோடு வளர்ந்தவர். அவர் இதை ஒரே வரியில் சொன்னார்: “அண்ணே, ரோட்டுல ஏத்தம் வந்தா இறக்கமும் வரும், கடல்ல இறக்கமே கிடையாது.” படகு எஞ்சின் புறப்பட்டதிலிருந்து கரை திரும்பும்வரை இடைவிடாமல் ஏற்றம் ஏறிக்கொண்டே இருக்கிறது. அதனால் லாரியில் நிமிடத்துக்கு 3,600 சுழற்சியில் 57 கிலோவாட் தரக்கூடிய எஞ்சினின் உச்ச வேகத்தை அவர்கள் 3,000 சுழற்சியிலேயே கட்டுப்படுத்திவிடுகிறார்கள். திறன் குறைகிறதே என்று வாங்குபவர் வருந்தலாம். ஆயுள் நீள்கிறது என்பதுதான் பதில்.

அதோடு விடாமல் புரொப்பெல்லரையும் கணக்கிட்டு மாற்றச் சொன்னார்கள். புரொப்பெல்லர் கேட்கும் திறன் சுழற்சி வேகத்தின் மூன்றாம் அடுக்கைப் பின்பற்றி உயர்கிறது. உச்சம் 3,000 சுழற்சி என்றால், அதில் எண்பது விழுக்காடான 2,400இல் தேவைப்படுவது ஏறக்குறைய பாதித் திறன்தான். நாங்கள் வழக்கமாக ஓட்டுவது அந்த இடத்தில். முழு விசையில் எஞ்சின் சரியாக 3,000ஐத் தொடும்படி புரொப்பெல்லரின் விட்டமும் சாய்வும் அமைய வேண்டும். தொடாமல் 2,600இலேயே மூச்சு முட்டி நின்றால் சுமை அதிகம் என்று பொருள். அப்போது கரும்புகை வரும், புகைவழி வெப்பம் ஏறும், பிஸ்டனும் வால்வும் விரைவில் கெடும். சாலை எஞ்சின் கடலில் தாங்காது என்று சொல்பவர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளைக் கிளறிப் பார்த்தால், பல இடங்களில் எஞ்சின்மீது குற்றம் இருக்காது. பழைய புரொப்பெல்லரை அப்படியே விட்டுவிட்டு வேறு எஞ்சினை ஏற்றியதுதான் காரணமாக இருக்கும். கடல் சோதனையின்போது முழுச் சுமையில் சுழற்சியை அளந்து, புரொப்பெல்லரைக் கழற்றிச் சாய்வைக் குறைத்து, மீண்டும் அளந்து காட்டிய பிறகே பட்டறையார் வேலை முடிந்ததாகச் சொன்னார்கள். இந்த மதிப்பீட்டில் அவர்களுக்கு நான் தரும் மிகப் பெரிய பாராட்டு இதற்குத்தான்.

குளிரூட்டலில் எனக்கு முன்பே அச்சம் இருந்தது, ஏனென்றால் சிங்கப்பூர்க் கடல் சூடான கடல். லாரியில் ரேடியேட்டர் வழியே காற்று போகிறது. படகின் எஞ்சின் அறைக்குள் அது நடவாது. கடல்நீரை நேரடியாக எஞ்சினுக்குள் விடுவது மலிவான வழி, ஆனால் வார்ப்பிரும்பு அரிக்கும், ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல் உப்பு படியத் தொடங்கும், அதற்கு அஞ்சி எஞ்சினைக் குளிராகவே ஓட்டினால் டீசல் சரியாக எரியாது. எனவே எஞ்சினுக்குள் நல்ல குளிர்திரவம் தனிச் சுற்றாக ஓட, அதன் வெப்பத்தைச் செம்பு-நிக்கல் குழாய்களின் வழியே கடல்நீர் வாங்கிச் செல்லும் வெப்பமாற்றியை வைக்கிறார்கள். அளவைத் தேர்ந்தெடுப்பதில் பலர் தவறுவது இங்கேதான். குளிர்திரவம் 85 டிகிரியிலும் கடல் 10 டிகிரியிலும் இருந்தால் இடைவெளி 75. நம் கடல் ஆண்டு முழுவதும் 30 டிகிரியை ஒட்டியே இருப்பதால் இடைவெளி 55 ஆகிவிடுகிறது. அதே வெப்பமாற்றி இங்கே கால் பங்குக்கும் அதிகமாகத் திறன் இழக்கிறது. குளிர் நாட்டுக் கடலை மனத்தில் வைத்துப் போட்ட அட்டவணையை அப்படியே நம்பியவர்களின் படகுகள் நண்பகலில் கொதிப்பதன் காரணம் வேறொன்றுமில்லை. பட்டறையார் நம் கடலின் வெப்பத்தை வைத்துக் கணக்கிட்டு ஒரு படி பெரிய வெப்பமாற்றியைத் தேர்ந்தார்கள். அதில் ஒட்டி வளரும் கொட்டலசும் சேறும் படிந்து திறன் குறைவதற்கான இடமும் விட்டிருக்கிறார்கள். முழுச் சுமையில் நெடுநேரம் ஓட்டியும் வெப்பமுள் நகராமல் நிற்பதைப் பார்க்கும்போது அந்தக் கூடுதல் செலவு வீணில்லை என்பது தெரிகிறது.

கடல்நீர்ப் பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றுவதற்கு எஞ்சினின் முன்புறத்தில் கை போகும் இடத்தில் வைத்தது இன்னொரு நல்ல முடிவு. தண்ணீரின்றி ஓடினால் அந்த ரப்பர் சிறிது நேரத்திலேயே கருகிக் கிழிந்துவிடும். ஜோகூர் நீரிணையில் மிதக்கும் ஒரு பிளாஸ்டிக் பை உறிஞ்சும் வாயை மூடினால் போதும். கிழிந்த துண்டுகள் வெப்பமாற்றியின் வாயில் போய் அடைக்கும் என்பதால் அவற்றை எண்ணித் தேடி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் தண்டையும் எளிதில் திருகி எடுக்கும்படி வைத்திருக்கிறார்கள்.

புகைபோக்கும் பாதை உயிரோடும் எஞ்சினோடும் ஒருசேர விளையாடக்கூடிய இடம். சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் லாரியின் உலர்ந்த மேனிஃபோல்ட் சில நூறு டிகிரி வரை சூடேறும். காற்றோட்டம் குறைந்த ஃபைபர்கிளாஸ் அறைக்குள் அதை அப்படியே வைக்க முடியாது. எனவே நீருறை கொண்ட மேனிஃபோல்டைப் பொருத்தி, அதன் முடிவில் உள்ள வளைகுழாயில் கடல்நீரைப் புகையோடு கலக்கவிட்டு, குளிர்ந்த புகையை ரப்பர் குழாய் வழியே பின்புறம் வெளியேற்றுகிறார்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நீர் கலக்கும் இடம் படகின் நீர்மட்டத்துக்கு மேலே குறைந்தது 15 சென்டிமீட்டர் உயரத்தில் இல்லையென்றால், எஞ்சினை நிறுத்திய பிறகும் கடல்நீர் தானாகவே உறிஞ்சப்பட்டு வந்து புகைவழியை நிரப்பி, திறந்திருக்கும் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கிவிடும். மறுநாள் ஸ்டார்ட்டரை அழுத்தினால் தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாமல் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். எங்கள் எஞ்சின் தாழ்வாக அமர்ந்திருப்பதால், கடல்நீர்க் குழாயை மேலே தூக்கி உச்சியில் காற்றை உள்ளே விடும் வால்வு ஒன்றை வைத்தார்கள். எஞ்சின் பற்றாமல் பலமுறை சுற்றவிட நேர்ந்தால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் அப்போதும் நீர் திரும்பும் என்று எச்சரித்தார்கள்.  படகு வைத்திருக்கும் எவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது.

கியர்பாக்ஸ் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. லாரியின் கியர்பாக்ஸைப் படகில் வைக்கக் கூடாது, ஏனெனில் புரொப்பெல்லர் படகைத் தள்ளும் விசை முழுவதையும் தாங்கும் பேரிங் அதில் இல்லை. பின்னோக்கிய கியரும் நெடுநேர வேலைக்கானதன்று. பட்டறையார் 2:1 விகிதமுள்ள கடல் கியர்பாக்ஸை அடாப்டர் தட்டோடும் அதிர்வைத் தாங்கும் டாம்பர் பிளேட்டோடும் இணைத்தார்கள். படகில் எஞ்சின் பின்பக்கம் தாழ்ந்து சாய்வாக அமர்வதால் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்பில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும். உறிஞ்சும் குழாய் அந்தச் சாய்விலும் மூழ்கியிருக்கிறதா என்று பார்த்து, அளவுக் கோலில் புதிய கோடுகளைக் கீறித் தந்தார்கள். அடியில் திருகைக் கழற்றி எண்ணெய் வடிக்கப் படகில் இடமில்லை, அதற்குக் கைப்பம்பு வைத்திருக்கிறார்கள். லாரியில் பிரேக்குக்காக ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து ஓடும் வெற்றிடப் பம்பை நீக்கி, அதற்குப் போகும் எண்ணெய்க் குழாயை முறையாக அடைத்ததையும் குறிப்பிட வேண்டும். அவசர வேலைகளில் மறக்கப்படும் சிறு பாகம் அது.

பெட்ரோல் எஞ்சின்களை இவர்கள் ஏற்பதே இல்லை. நாங்கள் அங்கிருந்தபோது ஒருவர் கார் எஞ்சினோடு வந்து கேட்டுத் திரும்பிப் போனார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் தேங்கும். சாலை வாகனங்களின் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் வெளியே பொறி தெறிக்காதபடி மூடப்பட்டவையல்ல. கடலுக்கென்று செய்யப்படும் பெட்ரோல் எஞ்சின்களில் இவை அனைத்தும் தனிவகைப் பாகங்கள், கார்புரேட்டரில் தீ திரும்பாமல் தடுக்கும் வலை உட்பட. இவற்றை வாங்கிச் சேர்த்தால் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை, சேர்க்காவிட்டால் படகில் ஏறவே கூடாது. வருமானத்தை விட்டுக்கொடுத்து மறுக்கும் பட்டறையை நான் நம்புகிறேன்.

குறைகளும் உண்டு, அவை சிறியவையல்ல. முதலாவது மின்கம்பி வேலை. லாரியிலிருந்து வந்த கம்பித் தொகுப்பையே சுருக்கிப் பயன்படுத்தப் பார்த்தார்கள். வெள்ளீயம் பூசாத செம்புக் கம்பி கடற்காற்றில் உள்ளுக்குள்ளேயே கறுத்துப் போகும். படகுக்கு வெள்ளீயம் பூசிய கம்பிதான் வேண்டும். நாங்கள் வற்புறுத்திய பிறகு மாற்றினார்கள், அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கினார்கள். கட்டணம் வாங்கியதில் வருத்தமில்லை, ஆனால் இதை முதல் மதிப்பீட்டுத் தாளிலேயே அவர்கள் சேர்த்திருக்க வேண்டும். இரண்டாவது, எச்சரிக்கை மணிகள். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் ஒலிக்கும் மணி இருந்தது; கடல்நீர் ஓட்டம் நின்றால் புகைக்குழாயின் சூட்டைக் கண்டு ஒலிக்கும் மணி இல்லை. குளிர்திரவத்தின் வெப்பமுள் ஏறுவதற்கு முன்பே ரப்பர் புகைக்குழாய் வெந்துவிடும் என்பதால் இந்த இரண்டாவது மணிதான் முதலில் காப்பாற்றும். அதை நாங்களே வாங்கிப் பொருத்தினோம்.

மூன்றாவது குறை எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. இவ்வளவு நுட்பமாக வேலை செய்பவர்கள் எதையும் எழுதித் தருவதில்லை. எந்த வெப்பமாற்றி, எந்த இம்பெல்லர், உச்சச் சுழற்சி எவ்வளவு, புரொப்பெல்லரின் அளவு என்ன, எந்தப் பெல்ட் ஆகியவை மெக்கானிக்கின் தலைக்குள் மட்டுமே இருக்கின்றன. தொழிற்சாலை எஞ்சினுக்குக் கையேடு உண்டு. மாற்றப்பட்ட எஞ்சினுக்கு அதைச் செய்தவரின் குறிப்பைத் தவிர வேறு கையேடு கிடையாது. காப்பீட்டு நிறுவனமும் சோதனைக்கு வருபவர்களும் கேட்பது இந்தத் தாள்களைத்தான். உரிமம் பெற்ற படகில் எஞ்சினை மாற்ற நினைப்பவர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே கடல்துறை, துறைமுக ஆணையத்திடமும் காப்பீட்டாளரிடமும் விவரம் கேட்டு, அவர்கள் எதிர்பார்க்கும் ஆவணங்களின் பட்டியலைப் பட்டறையிடம் கொடுத்துவிடுவது நல்லது. நாங்கள் கேட்டுக் கேட்டு ஒரு குறிப்பேட்டை நிரப்பி வைத்திருக்கிறோம். ஒப்புக்கொண்ட காலத்துக்கு வேலை முடியவும் இல்லை. கியர்பாக்ஸ் அடாப்டருக்காகக் காத்திருந்ததே காரணம் என்றார்கள், அதை நான் நம்பினாலும் தேதி தள்ளிப்போகிறது என்பதை அவர்களே முன்வந்து சொல்லியிருக்கலாம்.

இந்த மாற்றம் எத்தனை காலத்துக்குப் பொருந்தும் என்றும் பலர் கேட்கிறார்கள். 2030இலிருந்து சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இயங்கும் புதிய துறைமுகக் கலங்கள் முழுமையாக மின்சாரத்தில் ஓடுபவையாகவோ, பி100 எனப்படும் கலப்பில்லாத உயிரி எரிபொருளை ஏற்பவையாகவோ, நிகரச் சுழிய எரிபொருளுக்கு ஏற்றவையாகவோ இருக்க வேண்டும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. தொழிலுக்காகப் புதிய கலம் கட்ட நினைப்பவர் பழைய லாரி எஞ்சினைச் சுற்றித் திட்டம் போடக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏற்கெனவே உள்ள படகை ஓட்டுபவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. உயிரி டீசல் பழைய நைட்ரைல் ரப்பர் குழாய்களையும் முத்திரை வளையங்களையும் உப்பவைத்துக் கெடுக்கும். தொட்டியில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடைக் கரைத்து வடிகட்டிக்கு அனுப்பும். எரிபொருள் குழாய்களை விட்டான் வகை ரப்பருக்கு மாற்றித் தருமாறு கேட்டபோது பட்டறையார் தயங்காமல் செய்தார்கள், பம்பின் உள் வளையங்களையும் அதே வேலையில் மாற்றினார்கள்.

செலவைப் பொறுத்தவரை, அதே திறனுள்ள புதிய கடல் எஞ்சினுக்கு எங்களுக்குக் கிடைத்த விலைப்புள்ளியோடு ஒப்பிட்டால், கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் திருத்தம், கம்பி வேலை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய பாதியளவு வெள்ளிதான் ஆயிற்று. ஆனால் அந்தப் பாதியில் எஞ்சினுக்கான பங்கு சிறியது. பெரும்பகுதி வெப்பமாற்றி, நீருறை மேனிஃபோல்ட், கியர்பாக்ஸ் ஆகியவற்றுக்கே போயிற்று. இவற்றில் ஏதாவது ஒன்றைக் குறைத்து இன்னும் மலிவாக முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நிதானமாகப் போகும் டீசல் படகு வைத்திருப்பவர்களுக்கும், தாமே எஞ்சின் அறைக்குள் இறங்கிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இந்தப் பட்டறையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வேகப் படகுக்காரர்களும், கோளாறு வந்தால் தொலைபேசியில் அழைத்து ஆள் வரவழைக்க மட்டுமே விரும்புபவர்களும் முழு உத்தரவாதத்தோடு வரும் தொழிற்சாலை எஞ்சினை வாங்குவதே சரி. இங்கே போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும்போதே நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: வெள்ளீயம் பூசிய கம்பி, புகைக்குழாய் வெப்ப மணி, பாகங்களின் முழுப் பட்டியல், உங்கள் முன்னிலையில் முழுச் சுமையில் கடல் சோதனை. உதிரி இம்பெல்லர்களையும், பெல்ட்டையும், புகை வளைகுழாய் ஒன்றையும் அதே விலைப்புள்ளியில் சேர்த்துக் கேளுங்கள். அந்த வளைகுழாய் சில ஆண்டுகளில் உள்ளிருந்து அரித்துப் போகும் பாகம், பிறகு தேடினால் அதே அளவில் கிடைப்பது கடினம்.